இரண்டு அங்குலத் துளை

என் மூக்குக்குத்தான் சம்பளம்.
கொன்கோர்தியா ஊருக்கு வெளியே
உருகுவாய் ஆற்றின் சேற்றுக் காற்று வந்து முட்டும்
தகரக் கொட்டகையில்
பதினேழு வருடமாகக் காலி டிரம்களை
முகர்ந்து பார்க்கிறவள் நான்.
சம்பளச் சீட்டில் நேலிதா பார்போசா, ஆய்வாளர்.
கூட வேலை செய்கிறவர்கள் வாயில் 'நாய்'.
அன்பாகத்தான்.

முதலில் சங்கிலி.
டிரம்முக்குள் எட்டுக் கிலோ சங்கிலியைப் போட்டு
மூடியை இறுக்கி உருட்டுவார்கள்.
அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குக் கைதான் வாய்.
பிறகு காரத் தண்ணீர். பிறகு நீராவி.
நெளிசலை உள்ளிருந்து காற்றே தள்ளும்.
டொப்பென்று ஒரு சத்தம்,
குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்தவன்
பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து உட்கார்ந்த மாதிரி.

கடைசியில் என்னிடம் வரும்.
இரண்டு அங்குலத் துளையில் விரல் தடிமன் விளக்கை இறக்குவேன்.
துரு இருக்கிறதா,
உள்பூச்சின் தங்க நிறம் எங்காவது விட்டிருக்கிறதா.
அப்புறம் குனிந்து, மூக்கை வைத்து,
நாலு வரை எண்ணுவேன்.

ஆரஞ்சுச் சாறு எத்தனை முறை கழுவினாலும் சொல்லிவிடும்.
வார்னிஷ் பொய் சொல்லும், மூன்றாவது நொடியில் மாட்டிக்கொள்ளும்.
சோயா வயலுக்குத் தெளிக்கிற மருந்து மட்டும்
மூக்கில் ஏறுவதற்கு முன்பே
நாக்கின் அடியில் கசக்கும்.
மஞ்சள் சாக்பீஸ் போட்டால் தேனுக்கு.
சிவப்புப் போட்டால் நசுக்க.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
குடத்துக்குச் சரி.
டிரம்மை விளிம்பு வரை நிரப்பினால் வெயிலில் புடைத்துக்கொள்ளும்.
நாலு விரல் காலி விட வேண்டும்,
உள்ளே இருப்பது மூச்சு விட.

போன ஆகஸ்ட் குளிரில் ஒன்பது நாள் காய்ச்சல்.
பத்தாம் நாள் மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றினேன்.
சூடு மட்டும் இருந்தது.
வெங்காயத்தை அரிந்தேன், கண் எரிந்தது, அவ்வளவுதான்.
மண்ணெண்ணெய்ப் புட்டி, மகனின் காலுறை,
என் அக்குள்,
எல்லாம் ஒரே வெள்ளைத் தாள்.

யாரிடமும் சொல்லவில்லை.
வாடகை மாதத்தின் ஐந்தாம் தேதி.
பழைய வேகத்தில் குனிந்தேன்,
பழையபடி நாலு எண்ணினேன்,
பூச்சு நன்றாக இருந்தால் மஞ்சள்.
நாளைக்குத் தொண்ணூறு டிரம்.
செப்டம்பர், அக்டோபர், நவம்பர்.
கணக்கை நானே போட்டுப் பார்த்துக்கொள்ளவில்லை.

டிசம்பரில் எவாரிஸ்தோ கெர்லிங் வந்தான்,
பிக்கப் வண்டியின் பின்னால் ஒரே ஒரு டிரம்,
முந்நூறு கிலோ தேன்.
அறுபத்தெட்டு ஹாம்பர்க் போயிற்றாம்.
ஒன்றில் மருந்து இருந்ததாம், துளியினும் துளி.
ஒன்றுக்காக அறுபத்தெட்டும் கடல் தாண்டித் திரும்பின.

அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
"டிரம்மில் இருந்ததா, பூவில் இருந்ததா?
பூவில் என்றால் பக்கத்து வயல்காரனோடு என் சண்டை.
டிரம்மில் என்றால் உங்கள் முதலாளி பணம் தரணும்.
நீங்க முகர்ந்து சொல்லுங்க, நேலிதா.
நீங்க சொன்னா நான் நம்பறேன்."

முதலாளி ஒலெகாரியோ என் பின்னால் நின்றார்.
அவர் நிற்கிறார் என்று திரும்பாமலே தெரிந்தது.
மூடியில் எங்கள் கொட்டகை எண்.
அதன் கீழே என் கையெழுத்தின் முதல் எழுத்து.

எவாரிஸ்தோ ஸ்பேனரால் திருகைக் கழற்றினான்.
குனிந்தேன்.
நாலு.
ஐந்து.
ஒன்பது வரை எண்ணிவிட்டேன் போலிருக்கிறது,
சங்கிலி ஓட்டுகிற பையன் பொத்தானை அழுத்தி நிறுத்தினான்.
அவ்வளவு பெரிய கொட்டகையில்
ஒரு ஈ சுற்றுகிற சத்தம்.

"ஆகஸ்டிலிருந்து எனக்கு எதுவும் மணப்பதில்லை" என்றேன்.

ஒலெகாரியோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், மெதுவாக.
எவாரிஸ்தோ ஒன்றும் சொல்லவில்லை.
நீளக் கரண்டியைத் துளைக்குள் விட்டு
நூல் நூலாக இழுத்தான்.
என் முன் நீட்டினான்.
திட்டவா, இரக்கப்பட்டா, தெரியவில்லை.

வாயில் வைத்தேன்.
இனித்தது. என்ன பூ என்று தெரியாத வெறும் இனிப்பு.
விழுங்கிவிட்டு,
இரண்டு ஆண்களும் என் முகத்தையே பார்க்க,
நாக்கைத் தூக்கி
அதன் அடியில் காத்திருந்தேன்.